கொழும்பு வெக்கையில் உங்கள் எஸ்.எஸ்.டி. என்ன பாடுபடுகிறது தெரியுமா?

மேசைக் கணினிக்குள் இருக்கும் எம்.2 எஸ்.எஸ்.டி. தன் சூட்டைத் தானே அளந்து கெல்வினில் குறித்து வைக்கிறது, தெரியுமா? என்.வி.எம்.இ. நியமம் அப்படி! உள்ளே பதிவாகும் எண் 303, 320, 343 என்றுதான் இருக்கும். அதிலிருந்து 273-ஐக் கழித்து நமக்குப் பழக்கமான பாகை செல்சியஸில் காட்டுவது கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளின் வேலை. வெள்ளவத்தையில் மதியம் இரண்டு மணிக்குக் கணினியைப் போட்டுப் பாருங்கள், அந்த எண் 303-க்குக் கீழே இறங்கவே இறங்காது. அறையே 30 பாகை அல்லவா!

கொழும்புக்காரர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய சங்கதி இதுதான். எத்தனை விசிறி பூட்டினாலும், எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் வைத்தாலும், எந்தப் பாகத்தையும் அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. சாம்சங் 980 புரோ போன்ற ட்ரைவ்களுக்கு நிறுவனம் குறித்திருக்கும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 70 பாகை வரை. குளிர்நாட்டில் 20 பாகை அறையில் இருப்பவருக்கு அந்த எல்லைக்கு முன் 50 பாகை இடைவெளி இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர் நிற்கும் அறையில் இருப்பவருக்கு 40-தான், சில நாட்களில் அதுவும் இல்லை. வெளிநாட்டுக் காணொளியில் 62 பாகையில் நின்ற ட்ரைவ் இங்கே 72-ஐத் தொட்டால் பொருளில் குறை இல்லை. அறையில் கூடிய 10 பாகை அப்படியே மேலே ஏறியிருக்கிறது!

ஏப்ரல் மாதம் இன்னும் மோசம். வளிமண்டலவியல் திணைக்களம் வருடா வருடம் அறிவிக்கிறதே: ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில். கடற்காற்றும் ஓய்ந்து, புத்தாண்டுக்கு முந்திய அந்தப் புழுக்கத்தில் மனிதர் அவிகிறோம், ட்ரைவ் அவியாதா?

சரி, அந்தச் சிறு பலகையில் உண்மையில் கொதிப்பது எது, தெரியுமா? தரவு கிடக்கும் நினைவகச் சில்லு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை! கொதிப்பது, தரவு எங்கே போக வேண்டும் என்று நிர்வகிக்கும் கொன்ட்ரோலர். 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம், ஒரு சூயிங்கம் பட்டை அளவு பலகை. அதன் ஒரு மூலையில் விரல்நகம் போன்ற ஒரு சதுரம். எழுதும்போது வேகமான ட்ரைவ் ஒன்று ஆறு முதல் எட்டு வாற்று வரை இழுக்கும், அதில் பெரும்பங்கு அந்தச் சதுரத்துக்கே. பல ட்ரைவ்களில் உணரி இரண்டு இருக்கும். பொது எண் 58 என்று காட்டும்போதே கொன்ட்ரோலர் 70-ஐத் தாண்டியிருக்கக்கூடும். இரண்டையும் பாருங்கள்.

எல்லை நெருங்கும்போது ட்ரைவ் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பயப்பட ஒன்றுமில்லை, அது தற்காப்பு. 2015-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் தரவு மையங்களில் ஓடிய ஏராளமான எஸ்.எஸ்.டி.களை ஆராய்ந்தபோது, சூடு கூடக் கூடப் பழுது கூடுவதையும், வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கத் தெரிந்த ட்ரைவ்களில் அந்தப் போக்கு மட்டுப்படுவதையும் கண்டார்கள். ஆனால் 2023-இல் கடைக்கு வந்த பி.சி.ஐ.இ. ஐந்தாம் தலைமுறை ட்ரைவ்களைப் பாருங்கள். நொடிக்கு 10,000 மெகாபைட் வேகம்! ஹீட்சிங்க் இல்லாமல் சோதித்தபோது சில, வேகத்தைக் குறைக்காமல் அப்படியே நின்றே போயின. பிறகுதான் ஃபேர்ம்வேரில் திருத்தம் வந்தது.

இப்போது உண்மையான அதிசயம். நினைவகத்துக்குச் சூடு முழுப் பகையல்ல! எழுதும்போது சில்லு வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது, அணைத்து வைத்திருக்கும்போது குளிர்ச்சியாக இருந்தால் நல்லது. நினைவகச் சில்லின் ஒவ்வொரு கலத்திலும் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள்தான் உங்கள் கல்யாணப் படங்களும் கணக்குப் புத்தகங்களும். டி.எல்.சி. வகையில் ஒரே கலத்தில் எட்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது வெக்கை அந்த எலக்ட்ரான்களை மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. சில்லுத் துறைக்கு நியமங்கள் வகுக்கும் ஜெடெக் அமைப்பு, வீட்டுப் பாவனை ட்ரைவ் ஒன்று தன் எழுத்து ஆயுளை முடித்த பின்னரும், அணைத்த நிலையில் 30 பாகையில் ஒரு வருடம் தரவைக் காக்க வேண்டும் என்கிறது. 30 பாகை! நம் அலுமாரியின் வெப்பநிலையேதான். புது ட்ரைவுக்கு இதில் கவலை இல்லை. உழைத்துத் தேய்ந்த ட்ரைவில் படங்களை நிரப்பி, மொட்டை மாடித் தகரக் கூரைக்குக் கீழே வருடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று: 2012-இல் தாய்வானின் மக்ரோனிக்ஸ் நிறுவனம், தேய்ந்த கலங்களை 800 பாகைக்குச் சில மில்லிசெக்கன்கள் சூடாக்கிக் குணப்படுத்தலாம் என்று காட்டியது. 10 கோடி தடவை எழுதி அழித்தும் அவை தாங்கினவாம்! வீட்டு ட்ரைவ்களுக்கு அந்த வித்தை வந்து சேரவில்லை.

நாம் செய்யக்கூடியது எளிமையானது. பெட்டியைத் திறந்து ட்ரைவ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான மதர்போட்களில் முதல் எம்.2 இடம் புரொசஸருக்கும் கிராஃபிக்ஸ் காட்டுக்கும் நடுவில், காட்டின் சூடு நேரே அடிக்கும் இடத்தில் அமைந்திருக்கும். கீழே இரண்டாவது இடம் இருந்தால் அங்கே மாற்றுங்கள், பல பெட்டிகளில் அதுவே சில பாகைகளைக் குறைத்துவிடும். மாற்றும் முன் அந்த இடத்தின் வேகத்தைக் கையேட்டில் சரிபாருங்கள்.

மதர்போட்டோடு வரும் ஹீட்சிங்க்கைப் பூட்டும்போது அடியிலுள்ள மெத்தென்ற பட்டையில் நீலமாகவோ நிறமற்றோ ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் பூட்டியவர்கள் ஏராளம்! உலோகம் பளபளவென்று உட்கார்ந்திருக்கும், சூடோ சரியாக மேலே ஏறாது. ட்ரைவின் மேலுள்ள லேபிளை மட்டும் உரித்துவிடாதீர்கள். சாம்சங் 2016-இல் 960 புரோவோடு கொண்டுவந்த லேபிளுக்குள் சூட்டைப் பரப்பச் செப்புப் படலமே இருக்கிறது, உரித்தால் உத்தரவாதமும் போய்விடும்.

ஹீட்சிங்க் சூட்டை அழிப்பதில்லை, காற்றிடம் கொடுக்கிறது. காற்று நகராவிட்டால் அதுவும் சற்று நேரத்தில் கொதித்துப்போகும். முன்பக்கம் ஒரு விசிறி உள்ளே இழுக்கட்டும், பின்பக்கம் ஒன்று வெளியே தள்ளட்டும். மரைன் டிரைவ் பக்கம் பக்கத்தகட்டைக் கழற்றி வைத்து ஓட்டுகிறவர்களுக்கு: சூடு சற்றுக் குறையலாம், ஆனால் உப்புக் காற்றும் தூசியும் மதர்போட்டுக்கே வரும். வடிகட்டியை அடிக்கடி துடைப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஹீட்சிங்க் வாங்கப் போகும் முன் ஒரு சோதனை. பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி செய்யுங்கள். பாதியில் வேகம் சடாரென்று விழுந்தால் வெப்பநிலை எண்ணைப் பாருங்கள். கொன்ட்ரோலரின் எண்ணும் 55-இலேயே நின்றால் குற்றவாளி சூடு அல்ல. வேகமாக எழுதுவதற்கென்று ட்ரைவ் ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். அதற்கு எந்த ஹீட்சிங்க்கும் உதவாது!