இளைத்த உடலும் ஊரார் வினாவும்

விடியலில் நடந்து, உணவைச் சுருக்கி, முயன்று உடல் எடையைக் குறைத்த ஒருவர் தெருவில் எதிர்ப்படுகின்றார். அவரிடம் நாம் கேட்கும் முதல் வினா யாது? "என்ன இப்படி இளைத்துவிட்டீர்கள்? சர்க்கரையா?" என்பதன்றோ!

வினாவில் தீங்கில்லை, பரிவே உண்டு. ஆயினும் அதன் வேர் ஆழமானது. 'இளைத்தல்' என்னும் சொல்லே மெலிதலையும் சோர்தலையும் ஒருங்கே குறிப்பது. காதலால் மெலிந்த மகளைக் கண்ட தாய், முருகு அணங்கிற்றெனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவதைச் சங்க அகப்பாடல்களில் காண்கிறோம். மெலிவின் காரணத்தைப் பிறர் பிழைபட உணர்தல் அன்றே தொடங்கிவிட்டது! 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் மாந்தர் மடிந்ததைக் கண்ட நாடு இது. காசத்தை 'எலும்புருக்கி' என்றழைத்த நாடு. இங்கே சதைப்பற்று வளமாயிற்று; மெலிவு பிணியாயிற்று. நீரிழிவு கட்டுமீறினும் உடல் மெலியுமாதலின், ஊரார் ஐயம் முற்றிலும் பொய்யுமன்று.

ஒட்டிய கன்னம் எவர் கண்ணிலும் படும். தணிந்த குருதியழுத்தமோ, மாடியேறினும் மூச்சு வாங்காமையோ படுவதில்லை. பெண்டிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது, "புகுந்த வீட்டில் என்ன குறை?" என்றும் அவர்களிடம் வினவுவர்.

குருதியழுத்தத்திற்காக மருத்துவர் சொற்படி நடக்கத் தொடங்கிய நண்பர் ஒருவர், மூன்று வலீமா விருந்துகளில் இவ்வினாவைக் கேட்டபின் நடையையே விட்டுவிட்டார். எடை மீண்டது. "மாஷா அல்லாஹ், இப்போதுதான் முகத்தில் களை வந்திருக்கிறது" என்று உறவினர் மகிழ்ந்தனர். அம்மாதமே மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.