ஹட்டனில் வடை வேக ஏன் நேரமாகிறது?

வீட்டுப் பாவனைக்கென்று விற்கப்படும் மின் பொரிப்பான்களின் மூடியிலோ கைநூலிலோ ஓர் அட்டவணை இருக்கும். உருளைக்கிழங்கு, கோழி, மீன் என்று படம் போட்டுப் பக்கத்தில் 170, 180, 190 என்று வெப்பநிலையைக் குறித்திருப்பார்கள். அந்த எண்கள் பிழையானவை அல்ல. ஆனால் கடல் மட்டத்தை அண்டிய ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஹட்டன் நகரம் இருப்பதோ சுமார் 1,270 மீட்டர் உயரத்தில். அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்றினால், பச்சையாக எண்ணெயில் போடும் தடித்த பண்டங்கள், குறிப்பாகப் பருப்பு வடையும் கோழிக் காலும், வெளியே கறுத்து உள்ளே வேகாமல் நிற்பதில் வியப்பில்லை. சுடுகிறவரின் கைப்பக்குவத்திலோ மாவிலோ குறை தேட வேண்டியதில்லை. மலைநாட்டில் பொரிப்பதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு, பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக, சூட்டைக் கூட்டச் சொல்லவில்லை, குறைக்கச் சொல்கிறது.

பொரித்தல் என்றதும் நாம் எண்ணெயைப் பற்றியே யோசிக்கிறோம். காரியத்தைத் தீர்மானிப்பது பண்டத்துக்குள் இருக்கும் தண்ணீர். ஊறவைத்து அரைத்த கடலைப் பருப்பில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். அதைத் தட்டி 180 பாகை எண்ணெயில் விட்டதும் மேற்பரப்பிலுள்ள நீர் கொதித்து ஆவியாக வெளியேறுகிறது. தாச்சியில் கேட்கும் அந்தச் சலசலப்பு நீர் கொதிக்கும் சத்தம், எண்ணெய் கொதிக்கவில்லை. நீர் போன இடம் காய்ந்து பொருக்காகிறது. பொருக்கின் சூடு 140 பாகை அளவைத் தாண்டும்போது, மாவிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பொன்னிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மெயிலார்ட் 1912இல் விவரித்த தாக்கம் இது. பொருக்குக்குக் கீழே ஈரம் இருக்கும் பகுதியின் கதை வேறு. அங்கே நீர் இருக்கும்வரை வெப்பநிலை நீரின் கொதிநிலையைத் தாண்டாது. எண்ணெய் 160இல் இருந்தாலும் 190இல் இருந்தாலும் அந்த உச்சவரம்பு மாறுவதில்லை. வடையின் நடுப்பகுதியை வேகவைப்பது, பொருக்கும் ஈரமும் சந்திக்கும் அந்தக் கொதிக்கும் எல்லையிலிருந்து உள்நோக்கி ஊரும் வெப்பம். வெளியே பொரிகிறது, உள்ளே அவிகிறது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அந்த எல்லையின் வெப்பநிலையைத்தான் உயரம் மாற்றிவிடுகிறது. நீர் 100 பாகையில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது கடற்கரைக்கு உரிய எண். மேலே போகப்போக வளிமண்டல அமுக்கம் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். கோட்டையில் 100 பாகையில் கொதிக்கும் நீர் நாவலப்பிட்டியில் 98 பாகை அளவிலும், ஹட்டனில் 96க்குச் சற்றுக் கீழேயும், நாட்டின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலவில் 94க்குச் சற்றுக் கீழேயும் கொதிக்கிறது. பட்டிப்பொல இருப்பது 1,891 மீட்டரில். ஒரே பருப்பு, ஒரே அரைப்பு, ஒரே எண்ணெய் என்றாலும் இந்தப் பாதை நெடுகச் சுடப்படும் வடைகள் ஒரே நேரத்தில் வேகா.

நாலு பாகை குறைந்ததில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். வெப்பம் ஓடும் வேகம் இரண்டு இடங்களுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. சரிவு குறைந்தால் ஓடையின் ஓட்டம் மந்தமாவது போல. வடையின் நடுப்பகுதி 90 பாகைக்கு வந்தால்தான் பருப்பின் பச்சை வாசனை போகும் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் அந்தக் கடைசிக் கட்டத்தில் கொதிக்கும் எல்லைக்கும் நடுவுக்கும் இடையே 10 பாகை வித்தியாசம் இருக்கும். ஹட்டனில் அது ஆறுக்கும் குறைவு. நுவரெலியாவில் நாலுக்கும் குறைவு. ஆகவே, கொதிநிலையில் நூற்றுக்கு நாலு பங்கு குறைந்தது, கடைசிக் கட்டத்தில் உள்ளே போகும் வெப்பத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் குறைந்துபோகக் காரணமாகிறது. பருப்புத் துகள்களின் செல் சுவர் இளகுவது கொதிநிலைக்கு அருகில்தான் வேகமெடுக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மலையில் பருப்பு அவிக்க ஏன் பிரஷர் குக்கர் தேவைப்படுகிறது என்பதும் புரியும்.

வேகாததற்குப் பாத்திரத்தைக் குறை சொல்வது உலக வழக்கம். 1835 மார்ச்சில் சார்ள்ஸ் டார்வின் சிலியிலிருந்து அந்தீஸ் மலைத்தொடரைக் கடந்தபோது, இரவு முழுதும் அடுப்பிலிருந்த உருளைக்கிழங்கு, காலையில் மறுபடி கொதிக்கவைத்தும் வேகவில்லை. கூட வந்தவர்கள், புதிதாக வாங்கிய பானைக்குத்தான் ஏதோ கேடு என்று முடிவுகட்டினார்கள். டார்வின் தமது பயணநூலில் இதை எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பானையைத் திட்டியவர்களுக்கு அமுக்கத்தைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

வடை வேகவில்லை என்றால் அடுப்பைக் கூட்டுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். கூட்டினால் பொருக்கு மட்டும் சீக்கிரம் சிவக்கும். உட்புற உச்சவரம்பு அசையாது. சிவந்ததைப் பார்த்து எடுத்துவிடுகிறோம். வேகவேண்டிய நேரம் உள்ளுக்குக் கிடைக்காமல் போகிறது. ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களம் மலைப் பிரதேசச் சமையலுக்கு எழுதிய வழிகாட்டலில், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் பொரிக்கும் எண்ணெயின் வெப்பநிலையை 3 பாகை பரனைட் குறைத்து, நேரத்தைக் கூட்டச் சொல்கிறது. நம் கணக்குக்கு மாற்றினால் ஹட்டனில் ஏழு பாகை செல்சியஸ், நுவரெலியாவில் பத்து. அட்டவணையில் 180 என்று போட்டிருந்தால் ஹட்டனில் 173, நுவரெலியாவில் 170. வீட்டுப் பொரிப்பானின் வெப்பக் கட்டுப்பாடு பத்துப் பாகை மேலும் கீழும் ஆடும், இந்த ஏழு பாகையை அது எங்கே காட்டப்போகிறது என்று சொல்வோர் உண்டு. ஆட்டம் இருந்தாலும் அதன் நடுப்புள்ளி இறங்கினால் பொருக்கு சிவக்கும் வேகமும் இறங்கும், அது போதும். எண்ணெய்க்கான தனி வெப்பமானி ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. அதைவிடப் பெரிய உபாயம் தட்டும் கையில் இருக்கிறது. வேகும் நேரம் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. வடையின் தடிப்பைக் காற்பங்கு குறைத்தால் நேரம் ஏறத்தாழப் பாதியாகிறது. உளுந்து வடையின் நடுவே விரலால் போடும் துளையும் இதே வேலையைச் செய்கிறது: வேகக் கடினமான மையத்தையே அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

இதற்கெல்லாம் காரணம் உயரமல்ல, குளிர்தான் என்று மலைநாட்டில் பலர் சொல்வார்கள். இதில் உண்மையும் இருக்கிறது. ஹட்டனின் விடியற்காலையில் 15 பாகையில் இருக்கும் மாவு 90க்கு வர 75 பாகை ஏறவேண்டும்; கொழும்பில் 30இலிருந்து 60 ஏறினால் போதும். குளிர்ந்த மாவு எண்ணெயின் சூட்டையும் அதிகமாக இறக்கும். ஆனால் குளிர் தொடக்கத்தில்தான் தாமதம் செய்கிறது. அரைத்த மாவை அடுப்பங்கரையில் கொஞ்ச நேரம் வைத்தால் அந்தத் தாமதம் போய்விடும். அமுக்கம் கடைசிவரை கூடவே நிற்கும். மாவை எவ்வளவு சூடாக்கினாலும் ஹட்டனின் வளிமண்டலம் கனக்கப்போவதில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் எண்ணெய் குடிப்பதைப் பற்றியது. சூடு குறைந்தால் வடை எண்ணெய் குடிக்கும் என்பது சமையலறை வேதவாக்கு. ஆனால் பண்டம் எண்ணெயில் கிடக்கும்போது உள்ளிருந்து வேகமாக வெளியேறும் ஆவி எண்ணெயை உள்ளே விடுவதில்லை. உள்ளே போவதில் பெரும்பகுதி வெளியே எடுத்த பிறகு போகிறது: பண்டம் ஆறும்போது துளைகளிலிருக்கும் ஆவி மறுபடி நீராகச் சுருங்க, அந்த வெற்றிடம் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சுகிறது. ஏழு பாகைக் குறைப்பு இதில் பெரிய மாற்றம் செய்யாது. ஒரே தடவையில் கூடை நிறைய அடைப்பதுதான் கெடுதல். எண்ணெய் 140க்கு விழுந்து, ஆவியின் வேகமும் விழுந்துவிடும். ஹட்டனின் குளிர்காற்றில் பண்டம் சட்டென்று ஆறுவதால் உறிஞ்சுதலும் சட்டென்று நடக்கும். ஆகவே கூடையைத் தூக்கி, சூடான எண்ணெய்க்கு மேலேயே அரை நிமிடம் தொங்கவிட்டு உதறவேண்டும். தாச்சியைவிடப் பொரிப்பான் உண்மையில் மேம்பட்டிருக்கும் இடம் அந்தக் கம்பிக் கூடைதான். பழைய கொப்பித் தாளில் போட்டு ஒற்றி எடுப்பது பிந்திய வைத்தியம். மையும் சேர்ந்து வரும்.

சூட்டைக் குறைப்பதில் ஒரு லாபமும் உண்டு. உருளைக்கிழங்கு போன்ற மாப்பொருள் உணவுகளை 120 பாகைக்கு மேல் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைட் என்ற பொருள் உருவாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் அது 1994 முதலே இருந்தது. சூடு ஏறஏற, நிறம் கறுக்கக் கறுக்க அதன் அளவும் ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கொண்டுவந்த ஒழுங்குவிதி, உணவுக் கடைகள் உருளைக்கிழங்குச் சீவல்களை 175 பாகைக்குக் கீழே பொரிக்கவேண்டும் என்கிறது. ஹட்டனுக்கு நாம் கணக்குப் போட்டு எடுத்த 173 அந்த எல்லைக்குள் வந்து நிற்கிறது. அமுக்கத்தை வேண்டுமென்றே குறைத்து, குறைந்த சூட்டில் பொரித்தெடுக்கும் வெற்றிடப் பொரிப்பு முறையில்தான் தென்கிழக்காசிய ஆலைகள் பலாச்சுளை சிப்ஸை நிறம் மாறாமல் தயாரிக்கின்றன. ஹட்டனின் காற்று அதில் மிகச் சிறு பங்கையாவது இலவசமாகத் தருகிறது. இன்னொன்று: நுவரெலியா, வெலிமடைக் கிழங்கைப் பொரிப்பதற்கென்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 4 பாகைக் குளிரில் கிழங்கின் மாப்பொருள் சர்க்கரையாக மாறும். எண்ணெயில் விழுந்ததும் கறுக்கும். மலைநாட்டுச் சமையலறையின் இருட்டு மூலையே அதற்கு ஏற்ற இடம்.

எல்லாவற்றுக்கும் சூட்டைக் குறைக்கவேண்டும் என்பதும் சரியல்ல. ரோல்ஸ், கட்லட் இரண்டிலும் உள்ளே இருக்கும் கிழங்கும் மீனும் முன்பே வெந்தவை. மேலே ஒட்டிய ரஸ்க் தூள் சிவந்தால் போதும். அவற்றுக்கு 180 பொருத்தம்; குறைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி உறையை வெடிக்கவைக்கக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். முறுக்குக்கு நனைந்த மையமே இல்லை. நீர் முழுக்க வெளியேறினால்தான் அது முறுக்கு. உயரம் அதற்குத் தடையாக நிற்பதில்லை. கோழிக் காலில்தான் கவனம் வேண்டும். எலும்பை ஒட்டிய இறைச்சி 74 பாகைக்கு வந்திருக்கவேண்டும். பொன்னிறம் அதற்குச் சாட்சியல்ல. முதலில் ஆவியில் அவித்து, பிறகு பொரிப்பது மலைநாட்டுக்குத் தோதான வழி. பொரித்த உணவே உடலுக்கு ஆகாது, அதில் விஞ்ஞானம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்லலாம்: எத்தனை வடை சாப்பிடுவது என்பது வேறு விவாதம், சாப்பிடும் வடை கருகியும் வேகாமலும் இருப்பதால் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை.

கடைசியாக எண்ணெய். ஹட்டனில் தேங்காய் எண்ணெய் போத்தலைக் கவிழ்த்தாலும் ஊற்றாத காலைகள் ஏராளம். 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். தாச்சியில் அது பிரச்சினையல்ல. வெப்பக் கம்பி எண்ணெய்க்குள் அமிழ்ந்திருக்கும் வகைப் பொரிப்பானில் அது ஆபத்து. உறைந்த எண்ணெய் அசையாது. கம்பியைச் சுற்றியுள்ள சிறு பகுதி மட்டும் கடுஞ்சூடேறிப் புகையும், தீயும் பிடிக்கலாம். ஒருமுறை பாவித்த எண்ணெயைப் பொரிப்பானிலேயே உறையவிட்டு மறுநாள் சுவிட்சைப் போடுவதுதான் பெரும் பிழை. ஆறியதும், உறைவதற்கு முன்பே வடித்தெடுத்து வைத்து, மறுபடி வேண்டும்போது வேறு பாத்திரத்தில் உருக்கி ஊற்றுங்கள். குறைந்த தேங்காய் எண்ணெயைப் பாமாயில் விட்டு நிரப்பாதீர்கள். இரண்டும் கலந்தால் நுரைக்கும். அமுக்கம் குறைந்த ஹட்டனில் அதே அளவு நீர் கொழும்பிலுள்ளதைவிட ஏறத்தாழ 15 வீதம் அதிக இடம்பிடிக்கும் ஆவியாகிறது என்பதால், பொங்கி வழிவதற்கும் இங்கே வாய்ப்பு அதிகம். எண்ணெயை உச்சக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, மூடியைப் போட்டு மூடுங்கள்.