கொழுப்பு மாத்திரை: அளவு தவறலாமா?

கடை திறந்தது முதல் அடைக்கும் வரை கல்லாவிலேயே அமர்ந்திருப்பவர்கள் நாம். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்து, அட்டோர்வாஸ்டாடின் மாத்திரை சாப்பிடுவோர் நம்மில் பலர் உண்டு.

தமிழக அரசு 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையம் வருவோருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் 14 மாத்திரைகள் தருவது இத்திட்டம். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் 8. வேடசந்தூர், நத்தம் பக்கம் சரக்கெடுக்கப் போன இடத்தில் நெஞ்சு வலித்தால், திண்டுக்கல் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

ஆனால் அந்த எட்டு மாத்திரை ஆபத்து வேளைக்கு ஒரு முறை தருவது. அதைப் பார்த்து வீட்டில் நாமாகக் கூட்டிச் சாப்பிடக் கூடாது. தினசரி அளவு 10 முதல் 80 மில்லிகிராம் வரை ஆளுக்கு ஆள் மாறும், டாக்டரே நிர்ணயிப்பார். அளவை இரட்டித்தால் கெட்ட கொழுப்பு மேலும் 6 சதவீதம் அளவுக்கே குறையும். தசைத் தொல்லைக்கோ வாய்ப்பு கூடும். முதல் இரட்டிப்பு, இலாபம் சொற்பம்!

நினைவில் கொள்க:

* ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சாப்பிட வேண்டாம்.
* பரிசோதனையில் கொழுப்பு இறங்கியது மாத்திரையால்தான். நிறுத்தினால் மீண்டும் ஏறும்.
* காரணமின்றித் தசை வலி, தளர்ச்சி, சிறுநீர் கறுத்தல் கண்டால் உடனே டாக்டரிடம் செல்க.
* வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போது இம்மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் போன்றவை இதனுடன் ஒவ்வாது.

தராசில் எடை தவறாத நாம், மருந்திலும் அளவு தவற வேண்டாம்.