டிஸ்கை அழிக்கும் முன் அடையாளம் பாருங்கள்



தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய மாணவர் மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது அது. நீங்கள் நன்கொடையாகத் தரும் பழைய கணினிகளில் டெபியனை ஏற்றித்தான் நமது பயிற்சி வகுப்பை நடத்துகிறோம்.

கணினிகள் பல என்பதால், நிறுவும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு 'பிரீசீட்' என்ற கோப்பில் முன்கூட்டியே விடை எழுதிவிடுகிறோம். பிறகு வேலை தானாக நடக்கும். அதில் ‘எஸ்டிஏ என்ற டிஸ்கை அழித்து நிறுவு’ என்று எழுதியிருந்தோம். சென்ற மாதம் ஒரு கணினியில் எஸ்டிஏ ஆக இருந்தது, கழற்ற மறந்த எக்ஸ்டர்னல் டிஸ்க். கல்வி உதவி விண்ணப்பங்களின் ஸ்கேன் பிரதிகள் அதில்தான் இருந்தன. அழிந்துவிட்டன. தவறு எங்களுடையது.

ஏன் இப்படி ஆனது? எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை ரேஷன் கடை டோக்கன் போன்றவை. கணினி எதை முதலில் கண்டதோ அதற்கு முதல் எண். அடுத்த முறை வரிசை மாறலாம். மேலும், என்விஎம்இ வகை டிஸ்குக்குத் தனிப் பெயர் உண்டு. அந்தக் கணினியின் உள் டிஸ்க் அந்த வகை. எனவே வெளியிலிருந்து செருகிய டிஸ்க் எஸ்டிஏ ஆகிவிட்டது.

டோக்கனை விட்டுக் குடும்ப அட்டை எண்ணைப் பார்ப்பது போல, டிஸ்கின் மாடலையும் சீரியல் எண்ணையும் பார்க்க வேண்டும். லினக்ஸில் ‘டெவ்/டிஸ்க்/பை-ஐடி’ என்ற இடத்தில் அந்தப் பெயர்கள் கிடைக்கும். யூயூஐடி இதற்கு உதவாது. ஃபார்மட் செய்ததும் அது மாறிவிடும்.

ஒவ்வொரு கணினியின் சீரியல் எண்ணையும் எழுத இயலாதபோது விதி வைக்கலாம்: யூஎஸ்பி வழி வந்த டிஸ்கை ஒதுக்கு, மீதம் ஒன்றே ஒன்று இருந்தால் மட்டும் தொடர், இல்லையேல் நிறுத்து. பிரீசீட் கோப்பில், டிஸ்கைப் பிரிக்கும் கட்டத்துக்கு முன் ஓடும் கட்டளையாக இதை எழுதியுள்ளோம். வேறு டிஸ்குகளைக் கழற்றிய பிறகே இனித் தொடங்குவோம்.

விண்ணப்பப் பதிவேடு காகிதத்தில் இருப்பதால் எவருடைய உதவியும் தடைபடாது, இன்ஷா அல்லாஹ். சான்றிதழ் நகல்களை மட்டும் மீண்டும் கொண்டுவந்து தர வேண்டுகிறோம். கணினி தருவோர் தங்கள் படங்களையும் ஆவணங்களையும் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆவணங்கள் எங்களிடம் அமானிதம். அதில் நேர்ந்த கவனக்குறைவுக்கு மன்னிப்புக் கோருகிறோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்