நுரையீரல் நாடியும் பரம்பரையலகும்

குருதியமுக்கம் என்றதும் கையிற் பட்டி கட்டி அளப்பதே எமது நினைவுக்கு வரும். அப்பட்டிக்கு அகப்படாத அமுக்கமும் ஒன்றுண்டு. நுரையீரலின் சிறு நாடிகள் சுவர் தடித்து ஒடுங்கும்போது அது தோன்றுகிறது. படியேற மூச்சிரைக்கும், தொய்வு என்றே பலர் எண்ணியிருப்பர், வலது இதயவறையோ மெல்லச் சோர்ந்துகொண்டிருக்கும்.

சில குடும்பங்களில் இந்நோய் தொடர்ந்து வருவதன் காரணம் 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரண்டாம் நிறமூர்த்தத்திலுள்ள பீ.எம்.பி.ஆர்.2 என்னும் பரம்பரையலகின் பழுதே அது. நாடிச்சுவரின் கலங்கள் அளவுக்குமேற் பெருகாது தடுக்கும் கட்டளை அதனூடாகவே செல்கிறது. குடும்பவழி நோயாளரில் பத்தில் ஏழெட்டுப் பேரிடம் இப்பழுது உண்டு.

ஆயினும் பழுதுடையார் யாவரும் நோயுறுவதில்லை. பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேரும் ஆண்களில் 14 பேருமே நோயாளராகின்றனர். ஆகவே நோயாளியின் தங்கையிடம் இப்பழுது காணப்படின், அது தீர்ப்பன்று. ஆண்டுதோறும் ஒலியலை கொண்டு இதயத்தைப் பார்த்துவர வேண்டும் என்னும் முன்னறிவிப்பேயாம். நோயை உறுதிசெய்வதோ, இதயத்தினூடாக நுண்குழாய் செலுத்தி அமுக்கத்தை அளக்கும் பழைய முறையே.

பழுதினாற் குலைந்த சமநிலையை மீட்க முயலும் சொட்டாற்றர்செப்ற் என்னும் மருந்து 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரம்பரையலகை அது திருத்துவதில்லை. முந்திய மருந்துகளுடன் சேர்த்து, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஊசியாக ஏற்றப்படுகிறது.