எலுமிச்சை இலை மஞ்சளானால் உரத்தை உடனே கொட்டாதீர்கள்

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் பல வீடுகளின் பின்பக்கம் ஓர் எலுமிச்சையும் ஒரு கறிவேப்பிலையும் நிற்கும். தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்குக் குடிபோனவர்களும் இந்த இரண்டையும் விடவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

எலுமிச்சை இனத்தைக் கொல்லும் கிரீனிங் நோயைப் பரப்புவது மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி. வாலைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து உட்காரும். இளந்துளிரில் மட்டுமே முட்டையிடும். கறிவேப்பிலைத் துளிர் அதற்கு மிகப் பிடித்தமான இடம். கறிவேப்பிலை வாடாமல் நிற்கும். அதில் பெருகிய பூச்சி பக்கத்து எலுமிச்சைக்குத் தாவும். பச்சைக் கறிவேப்பிலையைப் பயணிகள் கொண்டுவர அமெரிக்கா தடை விதித்திருப்பதும் இந்தப் பூச்சிக்குப் பயந்துதான்.

இந்த நோயில் இலை மஞ்சளாகும். ஆனால் மஞ்சளெல்லாம் இந்த நோயல்ல. ஓர் இலையைப் பறித்து, நடுநரம்பின் இருபக்கமும் நேருக்கு நேராகப் பேனாவால் இரண்டு வட்டம் போட்டுப் பாருங்கள். இரண்டு வட்டத்துக்குள்ளும் நிறம் ஒன்றுபோல் இருந்தால் பெரும்பாலும் சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி வெளுத்தால் துத்தநாகம் போதவில்லை. முதிர்ந்த இலையின் காம்புப் பக்கம் மட்டும் பச்சை தங்கினால் மக்னீசியம் போதவில்லை. இவற்றை உரம் சரிசெய்யும். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சை என்று திட்டுத்திட்டாக இருந்தால் கவலைப்பட வேண்டும். கூடவே காய் கோணலாகச் சிறுத்து, விதை கருகியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இலையைப் பையிலிட்டு விவசாய இலாகாவில் காட்டுங்கள்.

கிரீனிங் நோய்க்கு மருந்து இல்லை. வேப்பெண்ணெய், மாட்டுச் சாணம், பக்கத்து வீட்டு வைத்தியம் எதுவும் மரத்துக்குள் இருக்கும் நோய்க்கிருமியைத் தொடாது. புளோரிடாவில் 2005-இல் நோய் கண்டறியப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அந்த மாநிலம், 2023-24-இல் ஏறத்தாழ 1.8 கோடிப் பெட்டிக்கு இறங்கியது. புயல்களுக்கும் அதில் பங்குண்டு, ஆனால் முதல் குற்றவாளி கிரீனிங்தான். அங்கே அடிமரத்தில் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள். நோய் தணிகிறதே தவிர ஒழியவில்லை. இங்கே திரெங்கானுவின் லிமாவ் மடு ஆரஞ்சுத் தோப்புகளும் தப்பவில்லை.

பூச்சியைவிட நான் அதிகம் அஞ்சுவது நம் தாராள மனத்தை. நோய் ஏறிய மரம் மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுக்கும் மேல், பார்வைக்கு நன்றாகவே இருக்கும். "நல்லா காய்க்குதுங்க, ஒரு பதியன் போட்டுத் தாங்க" என்று கேட்பவருக்குக் கொடுத்தால் கிருமியும் சேர்ந்து போகிறது. கன்றை நம்பகமான நாற்றங்காலில் வாங்குங்கள், கறிவேப்பிலையிலிருந்து தள்ளி நடுங்கள். துளிர்விடும் சமயத்தில் இரண்டு மரத்தையும் பாருங்கள். மெழுகு நூல் தொங்கும் மஞ்சள் பூச்சிக்குஞ்சுகள் தெரிந்தால், துளிரைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். சமையலுக்குப் பறிக்கும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து வேண்டாம்.

நோய் உறுதியான மரத்தை அவசரப்பட்டு வெட்டினால் பூச்சிகள் கிளம்பி அடுத்த வீட்டுக்குப் போகும். முதல் நாள் பூச்சியைக் கொல்லும் வெள்ளை எண்ணெயை இலையின் அடிப்புறமும் நனையத் தெளித்து, பிறகு வெட்டுங்கள். அடிக்கட்டையையும் தோண்டி எடுக்க வேண்டும். விட்டுவைத்த கட்டை மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிரிலும் கிருமி இருக்கும்.