கலவை மருந்தும் அதன் காவலும்

ஒரு நோயாளியின் தேவைக்கேற்ப, மருத்துவர் எழுதிய சீட்டின்படி, மருந்தாளர் தம் கையாற் கலந்து கொடுப்பது கலவை மருந்தாகும். முன்னாளில் மருந்தகங்கள்தோறும் இதுவே வழக்கம். வேளையளவைக் காட்டும் காகிதத் துண்டு ஒட்டிய போத்தலை மூத்தோர் மறந்திரார். ஆலை மருந்துகள் பெருகிய பின்னும் இதன் தேவை அற்றுவிடவில்லை. குளிசை விழுங்கமாட்டாத குழந்தைக்கு அதனை நீர்மமாக்கல் வேண்டும். ஒரு சேர்பொருள் ஒவ்வாதவர்க்கு அஃதின்றி ஆக்கல் வேண்டும்.

ஆயினும், இருவகை மருந்துக்கும் காவல் ஒன்றன்று. இலங்கையில், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, ஆலை மருந்தின் தரம், பாதுகாப்பு, பயன் என்பவற்றை ஆராய்ந்தே பதிவு செய்கின்றது. ஒருவர்க்கென ஒருமுறை கலக்கும் மருந்துக்கு அத்தகைய முற்சோதனை இயலாது. அங்கே, கலப்பவரின் கல்வியும் பதிவும், கலக்குமிடத்தின் தூய்மையுமே காவலாகும்.

அக்காவல் தளர்ந்தால் விளைவது யாது? 2012இல் ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெற்சு மாநிலத்துக் கலவை நிலையமொன்று, ஆலையைப் போல ஆயிரக்கணக்கான குப்பிகளை ஆக்கிப் பல மாநிலங்களுக்கு அனுப்பியது. முதுகந்தண்டினருகே ஏற்றும் அவ்வூசிமருந்திற் பூஞ்சணம் கலந்திருந்தது. 750க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே, பெருந்தொகையாகக் கலப்போரைத் தனிவகையாக்கிக் கண்காணிக்கும் சட்டம் அங்கு எழுந்தது.

சேர்பொருளைச் சோதியாமையும் இத்துணைக் கொடிது. 2025இல் காஞ்சிபுர மாவட்டத்து ஆலையொன்றின் இருமற் பாணியை உட்கொண்டு, மத்தியப் பிரதேசத்தில் 20க்கு மேற்பட்ட சிறுவர் இறந்தனர். சிறுநீரகத்தை அழிக்கும் டைஎதிலீன் கிளைக்கோல் அப்பாணியில் 48.6 வீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் ஆய்வு காட்டிற்று. உரிமம் பெற்ற ஆலையிலேயே இது நேருமாயின், சோதனைக்கூடமற்ற சிறு மருந்தகம் தான் வாங்கும் மூலப்பொருளில் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

கல்முனையை அடுத்த சவளக்கடை போன்ற நம் ஊர்களில் மேல்நாட்டு மருந்தோடு சித்த, யூனானி மருந்துகளும் வழங்குகின்றன. இவை 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்துள் அடங்கும். சட்டம் வேறாயினும் நாம் கேட்கவேண்டியவை ஒன்றே: கலந்தவர் பதிவு பெற்றவரா? சேர்ந்த பொருள்கள் எவை? கலந்த நாள் எது? எந்நாள் வரை, எவ்வாறு வைத்துப் பயன்படுத்தலாம்? இவ்விடைகளைப் போத்தலின்மேல் எழுதித் தரும்படி கேட்டல் மருந்தாளரை ஐயுறுதலன்று. சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் நாமும் காவல் நிற்றலாகும்.